ஜுனைட் சவுண்ட்ஸ் முதலாளி ஞானியான விதம்

பாலமுனையில் ஜுனைட் என்றால் கதிரை. கலியாணமோ, பையன்களுக்குச் செய்யும் கத்னாவோ, சாவு விழுந்த மௌத்து வீடோ, தேர்தல் கூட்டமோ, எதுவானாலும் கதிரையும் கூடாரமும் ஒலிபெருக்கியும் அவரிடமிருந்துதான் போகும். வடக்கே கல்முனை வரைக்கும் அவருடைய நீலப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காராத ஆள் குறைவு. லொறியின் பக்கப் பலகையில் 'ஜுனைட் சவுண்ட்ஸ்' என்று எழுதியிருக்கும். இத்தனை ஒலிபெருக்கிகளுக்குச் சொந்தக்காரராக இருந்தும் அவர் வாழ்நாளில் மைக்கில் சொன்னது 'ஹலோ, மைக் டெஸ்டிங்' மட்டும்தான். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

வீடு, கடற்கரை ஒழுங்கையின் கடைசி வீடு. முன்பு அது கடைசி வீடு அல்ல. அதற்குக் கிழக்கே ஒரு தென்னந்தோட்டமும், வலை காயப்போடும் வெளியும், வேறு சில வீடுகளும் இருந்தன. ஒவ்வொரு மாரிக்காலத்திலும் கடல் கொஞ்சம் மேலே வந்தது. வந்த கடல் திரும்பிப் போகவில்லை. ஒரு மாரியில் ஜுனைடின் குசினியும் கிணறும் போயின. மனைவி நஸீறா அடுப்பை முன்விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்துச் சமைத்தாள்.

அந்த நாட்களில்தான் உசாந்தினி வந்தாள். கல்முனைப் பிள்ளை, கனடாவில் இருப்பவள், இங்கிலிசில் கதை எழுதுபவள். தம்பியின் கலியாணத்துக்குக் கூடாரத் துணியின் நிறம் பார்க்க வந்த இடத்தில், குசினி இருந்த நிலத்தில் அலை அடிப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"நானா, இது எப்ப போனது?" என்று, அண்ணனைக் கூப்பிடும் ஊர்ப் பழக்கத்தில் கேட்டாள்.

"போன மாரியில, தங்கச்சி."

"உங்களுக்குக் கவலை இல்லையா?"

ஜுனைட் கூடாரக் கம்பிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கை வேலையாக இருந்தது. அதிகாரிகளிடம் நடந்து நடந்து அலுத்துப்போன நேரம். "என்ன செய்ற, தங்கச்சி," என்றார். "கடல் எடுத்தா எடுத்ததுதான். மறுகா குடுக்கவா போகுது."

உசாந்தினி இளநீல நிறத் துணியைத் தெரிவுசெய்துவிட்டுப் போனாள். கலியாணம் நன்றாக நடந்தது.

சில வருடங்களின் பின் அவளுடைய நாவல் வெளிவந்தது. அதில் கடலோரத்தில் ஜுனைதர் என்று ஒரு ஞானி வருகிறார். அவருடைய வீட்டைக் கடல் பாதி தின்றிருக்கும். அவர் மீதிப் பாதியில் அமர்ந்து, "கடல் எடுப்பதில்லை. தன்னுடையதைத் திரும்பப் பெறுகிறது. இழந்தேன் என்பவனே இழந்தவன்" என்று கதாநாயகிக்கு உபதேசிப்பார். கதாநாயகி அதைக் கேட்டு, கனடாவில் தன் கணவனோடு இருந்த மனக்கசப்பிலிருந்து விடுபடுவாள். நாவலுக்கு ஒரு பரிசு கிடைத்தது. ஜுனைடுக்கு இது எதுவும் தெரியாது. அந்த நாட்களில் அவர் விறாந்தைக்கும் கடலுக்கும் இடையில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நிலையம் வந்தது. 'புலம்பெயர் புனைவில் பாரதப் பாரம்பரிய மெய்ஞ்ஞானத்துக்கான உலக நிலையம்' என்பது அதன் முழுப் பெயர். தலைமையகம் ஒரு குளிர் நாட்டில். வெளிநாடுகளில் தமிழர் எழுதும் கதைகளில் வேதாந்தமும் சித்தாந்தமும் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. கண்டுபிடித்தால் மாநாடு வைப்பார்கள். கண்டுபிடிக்காவிட்டால், ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு மாநாடு வைப்பார்கள்.

நிலையத்தின் இயக்குநர் கலாநிதி தயாசீலன் ஒருநாள் காலை ஜுனைடின் வாசலில் செருப்பைக் கழற்றினார். கூடவே நளீம் வந்திருந்தார். நளீம் ஊர்ப் பிள்ளை, விரிவுரையாளர், நிலையத்தின் உள்ளூர் இணைப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் அவர்தான்.

"நீங்கள்தானே அவர்?" என்றார் இயக்குநர்.

"எவர்?" என்றார் ஜுனைட்.

இயக்குநர் நளீமைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். "முதல் வார்த்தையே 'எவர்' என்று வருகிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

நாவலைப் பற்றி நளீம் விளக்கிச் சொன்னார். ஜுனைட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியொன்றும் தான் சொல்லவில்லை என்றார். கூடாரத் துணியைப் பற்றித்தான் கதைத்ததாக ஞாபகம் என்றார்.

"அத்வைதத்தை இவ்வளவு எளிமையாக வாழ்ந்து காட்டுகிறீர்கள்," என்றார் இயக்குநர்.

"நான் முஸ்லிம், ஸேர். நீங்க சொல்றது என்னெண்டும் எனக்குத் தெரியா."

"தெரியும் என்று சொல்பவருக்குத்தான் அது தெரியாது."

வாசல் நிலையில் நின்ற நஸீறா கேட்டாள். "அப்ப தெரியாதெண்டு சொல்ற எல்லாருக்கும் தெரியுமா, ஸேர்?"

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். அதையும் எழுதிக்கொள்ளும்படி நளீமுக்குக் கையால் காட்டினார். நஸீறா தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு இருவரும் போனார்கள். போகும்போது நளீம் ஒரு விடயம் சொன்னார். கல்முனையில் மாநாடு நடக்கப்போகிறது, அதற்குக் கொழும்பிலிருந்து கரையோர இணக்க அதிகாரசபையின் பணிப்பாளர் பிரதம அதிதியாக வருகிறார்.

ஜுனைடின் காதில் விழுந்தது அது ஒன்றுதான். கடலுக்குள் கல் போட்டு அணை கட்டுவது அந்த அதிகாரசபையின் வேலை. ஒழுங்கைக்கு முன்னால் கல் போடச் சொல்லி அவர் அங்கே ஏறி இறங்காத படி இல்லை. பணிப்பாளரை அவர் ஒருமுறை கண்டிருக்கிறார், வாகனத்தின் கண்ணாடிக்குள்.

"அவருக்கு முன்னால என்னக் கதைக்க விடுவாங்களா?" என்று கேட்டார்.

"உங்கட கதையைக் கேக்கத்தானே நானா மாநாடே," என்றார் நளீம்.

மாநாட்டுக்குக் கதிரையும் ஒலியமைப்பும் ஜுனைட் சவுண்ட்ஸ். ஆகவே அன்று காலை அவர் மேடையில் குந்தியிருந்து வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் வந்து, "ஞானி வரப்போறார், சுறுக்கா இறங்குங்க," என்றாள். ஜுனைட் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் நளீம் ஓடிவந்து, அவரை மண்டபத்தின் பின்னறைக்குக் கூட்டிப்போய், வெள்ளை ஜுப்பாவும் வெள்ளைச் சால்வையும் போட்டு, மறுபடி மேடைக்கு அழைத்துவந்தார். இறக்கிவிட்ட அதே பெண் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து வணங்கினாள்.

சபையோர் நீலக் கதிரைகளில் இருந்தார்கள். ஜுனைடுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு செதுக்கு வேலைப்பாடான மரக் கதிரை வந்திருந்தது. கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. 'அரை வீடும் முழுமையும்' என்று ஒன்று. 'குசினியற்ற நிலை: மாயாவாதத்தின் கரையோர வடிவம்' என்று ஒன்று. தன் குசினியைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று ஜுனைடுக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டால் கட்டித் தருவார்கள் போலவும் இருந்தது.

இயக்குநர் தலைமையுரை ஆற்றினார்.

"நாங்கள் குளிர் நாடுகளில் எல்லாம் வைத்திருக்கிறோம். வீடு இருக்கிறது. வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறது. எங்களிடம் இல்லாதது இழப்பு ஒன்றுதான். அதைத் தேடி இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கிறது. இந்தக் கடற்கரையில் மனிதர்கள் இழந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது என் கண் கலங்குகிறது. அதிகாரிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன். தயவுசெய்து இதை மாற்றிவிடாதீர்கள்."

நீண்ட கரகோஷம். பிறகு ஜுனைடைக் கதைக்க அழைத்தார்கள். தானே பூட்டிய மைக்குக்கு முன்னால் போய் நின்றார். முதல் வரிசையில் பணிப்பாளர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நளீம் பக்கத்தில் நின்று இங்கிலிசில் சொல்வதாக ஏற்பாடு.

"ஸேர், எங்கட ஒழுங்கைக்கு முன்னால கல்லுப் போடுங்க," என்றார் ஜுனைட். "வாற மாரிக்கு வீடு போயிரும். எனக்கு வேற காணி இல்ல. எங்கட ஒழுங்கையில ஆருக்கும் இல்ல. வேற ஒண்டும் கேக்கல்ல."

நளீம் மொழிபெயர்த்தார். மண்டபத்தில் ஒரு நெடுமூச்சு எழுந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்தாள். பணிப்பாளர் எழுந்து வந்து ஜுனைடின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். அலுவல் முடிந்தது என்று ஜுனைட் நினைத்தார். மேடையில் நின்றபடியே மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

மகள் றுக்ஸானா பின்வரிசையில் இருந்தாள். பாடசாலையில் இங்கிலிஸ் படிப்பிப்பவள். லொறியில் வீட்டுக்கு வரும் வழியில் அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள?" என்றார் ஜுனைட்.

"வாப்பா, நீங்க கல்லுப் போடுங்க எண்டீங்க. நளீம் ஸேர் அத, மனசில தூக்கிட்டுத் திரியிற கல்லக் கீழ போட்டிருங்க எண்டு சொன்னார். வீடு போகும், எனக்கெண்டு நிலம் இல்ல, ஒருத்தருக்கும் நிலம் இல்ல, நான் ஒண்டும் கேக்கல்ல. இதுதான் அவர் சொன்னது."

ஜுனைட் லொறியை ஓரத்தில் நிறுத்தினார். நளீமுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

"நானா, கோவிக்காதீங்க," என்றார் நளீம். "நீங்க சொன்னத அப்படியே சொல்லியிருந்தா அது ஒரு மனு மாதிரிப் போயிருக்கும். சபை தாங்காது. சொல் ஒண்டையும் நான் மாத்தல்ல, பாருங்க. ஆழத்துக்குத்தான் கொண்டுபோனேன்."

இரண்டு மாதம் கழித்து அதிகாரசபை ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் மக்கள் கருத்தறியும் கூட்டம் வைத்தது. கருத்து ஏற்கெனவே அச்சிடப்பட்டு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. பாலமுனைக் கரையில் கல் போடும் திட்டம் கைவிடப்படுகிறது என்றும், இப்பகுதி மக்கள் கடலைத் தடுப்பதைத் தமது மெய்யியலுக்கு முரணாகக் கருதுகிறார்கள் என்றும் அதில் இருந்தது. ஆதாரமாக நாவலிலிருந்து மூன்று வசனங்கள் கொடுக்கப்பட்டிருந்தன.

பணிப்பாளர் தமது ஆட்களோடு வந்திருந்தார். இந்த முறை உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், அவர் சரியாக மொழிபெயர்த்தார்.

"முந்தின காலத்தில் நாங்கள் மக்களைக் கேட்காமலே கல் போட்டோம்," என்றார் பணிப்பாளர். "அது ஆணவம். இப்போது மக்களைக் கேட்கிறோம். கேட்ட பிறகு போடுவதில்லை. கல் இல்லாதபடியால்தான் போடவில்லை என்று சிலர் கதை பரப்புகிறார்கள். அது பொய். கல் இல்லை என்பது வேறு விடயம்."

ஜுனைடின் அடுத்த வீட்டுக்காரி சுஹறா எழுந்தாள். புருஷன் மௌத்தான பிறகு இடியப்பம் அவித்து விற்று அந்த வீட்டைக் கட்டியவள். "எந்த மக்கள் ஸேர் அப்படிச் சொன்னது?" என்று கேட்டாள்.

பணிப்பாளர் மரியாதையோடு ஜுனைடின் பக்கம் கையை நீட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நான் சொல்லல்ல," என்றார் ஜுனைட் எழுந்து. "அல்லாஹ் அறிய நான் சொல்லல்ல. கல்லுப் போடச் சொல்லித்தான் கேட்டேன். இப்பவும் கேக்கிறேன்."

பணிப்பாளர் இதை எதிர்பார்த்திருந்தார். நிலையத்தின் நிபுணர் குறிப்பு ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னார். மெய்ஞ்ஞானி தன் ஞானத்தை மறுப்பார் என்றும், மறுப்பதன் மூலமே உணர்த்துவது பாரத மரபின் உச்சம் என்றும், அவர் எவ்வளவு உரக்க மறுக்கிறாரோ அவ்வளவுக்கு அது உறுதியாகும் என்றும் கலாநிதி தயாசீலன் எழுதியிருந்தார்.

ஜுனைட் இன்னும் உரக்க மறுத்தார். பணிப்பாளர் தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. சுஹறா மட்டும் கிட்ட வந்தாள். "நீங்க சொல்லல்லண்டு எனக்குத் தெரியும், நானா," என்றாள். "ஆனா நீங்க அந்தக் கனடாப் புள்ளையோட கதைக்காமலே இருந்திருக்கலாம்." அந்த வாரமே ஒழுங்கைக்குள் ஒரு கலியாணம் நடந்தது. கதிரை பக்கத்து ஊர் அட்டாளைச்சேனையிலிருந்து வந்தது.

பள்ளிவாசலிலிருந்தும் கூப்பிட்டார்கள். எல்லாம் ஒன்றே என்று ஜுனைட் உபதேசம் செய்வதாக யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். தலைவர் இப்றாஹிம் ஹாஜியார் அவரைப் பாயில் இருத்தி, "சொன்னியா மகன்?" என்று கேட்டார். "இல்ல ஹாஜியார்," என்றார் ஜுனைட். "சரி," என்றார் ஹாஜியார். விசாரணை அத்தோடு முடிந்தது. இவ்வளவு காலத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஜுனைட் பாயில் இன்னும் கிட்ட நகர்ந்து இருந்தார்.

"ஹாஜியார், இதையே அவங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்களன்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "நாங்க சொன்னா அதையும் ஏதாவதாக்கிருவாங்க, மகன். அல்லாஹ்கிட்ட துஆக் கேக்கிறேன்."

கடைசியாக றுக்ஸானா தேடிப்பிடித்து, உசாந்தினியைத் தொலைபேசித் திரைக்குக் கொண்டுவந்தாள். கனடாவில் விடியற்காலை. நடந்ததையெல்லாம் உசாந்தினி தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நானா, அது நாவல். நான் கற்பனையா எழுதினது. அந்த வசனத்தை எங்கட அடுக்குமாடியில, பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கேக்க யோசிச்சனான். என்ர கலியாணம் அப்ப முறிஞ்சுகொண்டிருந்தது. அது எனக்கு நானே சொன்னது."

"அத அவங்களுக்குச் சொல்லுங்க, தங்கச்சி."

சொன்னாள். எழுதியும் அனுப்பினாள். அவள் நல்ல பிள்ளை. விமானம் ஏறி நிலையத்துக்கே போய் நேரிலும் சொன்னாள். நிலையம் அவளுக்குத் தேநீர் கொடுத்து உபசரித்தது. பிறகு ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒரு படைப்பின் ஊற்றை அறியக் கடைசித் தகுதியுள்ளவர் அதை எழுதியவரே என்றும், பாத்திரம் கழுவும்போது வந்த வசனம் என்பது பாலமுனையின் கூட்டு நினைவு ஒரு குளிர் நாட்டுக் குழாயில் வழிந்த அதிசயம் என்றும் அதில் இருந்தது. உசாந்தினி மீண்டும் அழைத்து அழுதாள். அழாதே என்று நஸீறாதான் அவளைத் தேற்றினாள்.

அடுத்த வருடம் நிலையம் கடற்கரையில் ஒரு ஞானக்கூடம் கட்டியது. ஒழுங்கைக்குச் சற்றுத் தெற்கே, அலைக்கு மிகக் கிட்டவாக. இழப்பை மக்கள் அருகிலிருந்து உணரவேண்டும் என்பது அதன் நோக்கம். உள்ளே குளிரூட்டி பூட்டிய ஒரு மண்டபம், சுவரில் ஜுனைதரின் பெரிய ஓவியம். ஓவியர் ஜுனைடைப் பார்த்ததில்லை. நாவலைப் படித்துவிட்டு, இடுப்பு வரை தாடியும் கையில் தடியுமாக வரைந்திருந்தார். ஜுனைதரின் வசனங்கள் ஒலிப்பதிவாக ஓடிக்கொண்டிருந்தன. ஜுனைடின் குரலை ஒருநாள் பதிவுசெய்து பார்த்தார்கள். அது ஞானியின் குரல் போல் இல்லை என்று கொழும்பிலிருந்து ஒரு நடிகரைக் கொண்டுவந்தார்கள்.

கூடத்தின் திறப்புவிழா முடிந்த கையோடு, அதற்கு முன்னால் கல் வந்து இறங்கியது. லொறி லொறியாக, ஆள் உயரக் கருங்கற்கள். அதிகாரசபை இரவு பகலாக வேலை செய்தது. சுஹறா போய் அங்கே நின்ற பொறியியலாளரிடம் கேட்டாள்.

"கல்லுப் போடுறது எங்கட தத்துவத்துக்குக் கூடாதெண்டீங்களே, ஸேர்."

"அது மனிசருக்கு," என்றார் அவர். "இது கட்டிடம். கட்டிடத்துக்குத் தத்துவம் இல்ல."

ஒரு இடத்தில் கல் போட்டால், அங்கே முட்டும் கடல் அதற்கு வடக்கே போய் அரிக்கும். அது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும், பொறியியலாளருக்கும் தெரியும். ஒழுங்கை கல்லுக்கு வடக்கே இருந்தது.

மாரி பிறந்ததும் சுஹறாவின் வீடு போனது. அவள் இடியப்ப உரலையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த கிழமை ஒரு நண்பகலில், ஜுனைடின் சாமான் கொட்டிலின் சுவர் விழுந்தது. அலை உள்ளே போய்த் திரும்பும்போது கதிரைகளை இழுத்து வந்தது. நீலக் கதிரைகள் அடுக்கடுக்காகக் கடலில் மிதந்து, கலைந்து, வடக்கே போயின. ஜுனைட் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அம்ப்ளிஃபயரையும் மைக்குகளையும் தலைக்கு மேல் தூக்கி, கரையில் நின்ற றுக்ஸானாவிடம் கொடுத்தார். காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான்.

படுக்கையறைச் சுவர் வெடித்தபோது நஸீறா குர்ஆனையும் பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்து, திரும்பி நின்று, முன்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். அந்த நேரம் வீட்டின் பின்பக்கத்தில் சுவர் இருக்கவில்லை, கடல்தான் இருந்தது. திறப்புச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். ஜுனைட் அதைப் பார்த்தார். அந்தக் கதவை ஏன் பூட்டினாய் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

அன்று ஞானக்கூடத்துக்குப் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். சிலர் கல்லின் மேல் ஏறி நின்று வீடு விழுவதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கைகூப்பியபடி நின்றார்.

நட்டஈட்டுக்குப் போனார் ஜுனைட். இழப்பு என்பதற்கு அதிகாரசபையிடம் புதிய வரைவிலக்கணம் இருந்தது: இழந்தவர் இழப்பென்று கருதுவதே இழப்பு.

"நான் இழப்பெண்டுதான் கருதுறேன்," என்றார் ஜுனைட்.

"நீங்கள் அப்படிக் கருதமாட்டீர்கள் என்று எங்களிடம் நிபுணர் கருத்து இருக்கிறது," என்றார் உத்தியோகத்தர். நல்ல மனிதர். விசிறியை ஜுனைடின் பக்கம் திருப்பி வைத்தார்.

மாவடிப்பள்ளியில் வயலோரமாக ஒரு சின்ன வாடகை வீடு கிடைத்தது. கடல் அங்கே கேட்காது. ஜுனைட் கதிரை வியாபாரத்தை விட்டு, எஞ்சிய ஒலிபெருக்கிகளோடு மட்டும் தொழிலைத் தொடர்ந்தார். லொறியை விற்று ஒரு பழைய ஓட்டோ வாங்கினார். அந்த ஓட்டோவில் பெயர் எதுவும் எழுதவில்லை.

ஆனால் ஆட்கள் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். முழு இழப்புக்குப் பின்னான நிலை எப்படி என்று கேட்டார்கள். சிலர் அவருக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஜுனைட் சாப்பிடும்போது படம் எடுத்தார்கள். ஒருநாள் சேர்ட் போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றபோது, நஸீறா உலை வைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அவரப் பாக்க வந்தோம்," என்றார்கள்.

"அவர் மௌத்தாப் போயிட்டார்," என்றாள் நஸீறா.

ஜுனைட் உள்ளறையில் பாயில் படுத்திருந்தார். அவருக்கும் அது கேட்டது. எழும்பிப் போய்ச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. வந்தவர்கள் உண்மையாகவே வருந்தினார்கள், அதில் ஒருவருக்குக் குரல் உடைந்தது. போய்விட்டார்கள். நஸீறா உள்ளே வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்க. அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"இல்ல புள்ள," என்றார் ஜுனைட். "அவங்க நம்பினது இது ஒண்டுதான்."

அதன் பிறகு ஒருவரும் வரவில்லை. ஞானக்கூடம் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. அதிகாரசபை, இறந்தவரின் கோரிக்கை அவரோடு முடிகிறது என்று அவருடைய பெயருக்குக் கடிதம் அனுப்பியது. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் ஒருமுறை அங்கே போனார். மறுப்பதைப் பற்றிய பழைய நிபுணர் குறிப்பை எடுத்துக் காட்டினார்கள். திரும்பி வந்துவிட்டார்.

வருடம் திரும்பியபோது, அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பாலமுனை ஞானக்கூடத்தில் நினைவுக் கூட்டம், ஒலியமைப்பு வேண்டும், மலிவாகச் செய்வீர்களாம் என்றார்கள். அந்த மாதம் வேலை குறைவு. ஜுனைட் ஒப்புக்கொண்டார்.

ஓட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நேரத்தோடு போனார். ஒழுங்கை இருந்த இடம் தண்ணீராக இருந்தது. அவர் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. வெளி முற்றத்தில் கல்லணைக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடையில் தாடிக்கார ஓவியத்துக்கு மாலை போட்டிருந்தது. குந்தியிருந்து வயரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நளீம் வந்தார். குனிந்து பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனது.

"நானா."

"ஸலாம், நளீம்."

நளீம் அவரைக் கூடத்தின் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "நானா, கலாநிதி தயாசீலன் பதவி உயர்வில போயிட்டார். புதிய இயக்குநர் முதல்முறையா வந்திருக்கிறார். வெளிநாட்டால முப்பது பேர் வந்திருக்காங்க. உங்கட பேரில பல்கலைக்கழகத்தில ஆய்வுக் கதிரை ஒண்டு அறிவிக்கப்போறாங்க. எனக்கும் மூணு புள்ளைகள். இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீங்க வேற ஆளா இருங்க."

ஜுனைட் நளீமைப் பார்த்தார். நளீம் இளைத்துப்போயிருந்தார். அழுதுவிடுவார் போல இருந்தது.

"நான் மைக் பூட்ட வந்தனான்," என்றார் ஜுனைட்.

கூட்டம் தொடங்கியது. புதிய இயக்குநர் நன்றாகப் பேசினார். "அவர் எம்மிடம் எதையும் கேட்டதில்லை," என்றார். "அதுதான் அவருடைய பெருமை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். அவர் கேட்கவேயில்லை." பணிப்பாளர் பேசினார். அவருக்குப் பக்கத்தில் நின்று நளீம் மொழிபெயர்த்தார். நளீமின் கண்கள் அடிக்கடி மேடையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பின. அங்கே ஜுனைட் அம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

பிறகு எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும்படி அறிவித்தார்கள். சபை எழுந்தது. ஜுனைடும் எழுந்து நின்றார். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை. முற்றம் முழுக்க அமைதியானது. கல்லணைக்கு அந்தப் பக்கம் அலை அடித்தது.

கொஞ்ச நேரம் போனபின் புதிய இயக்குநர் முகத்தைச் சுளித்தார். தலையை மெல்லத் திருப்பி, ஜுனைடின் பக்கம் சரிந்து, அடங்கிய குரலில் கேட்டார்.

"அந்த இரைச்சலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

ஜுனைட் பெட்டிகளைப் பார்த்தார். எல்லாம் அணைந்திருந்தன.

"அது கடல், ஸேர்," என்றார்.

"பரவாயில்லை. கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்."

ஜுனைட் குனிந்தார். அம்ப்ளிஃபயரில் ஏதோ ஒரு குமிழைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

இயக்குநர் காதைக் கொடுத்துக் கேட்டார். தலையசைத்தார்.

"இப்போது சரி," என்றார்.